லாயர் மேல் புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? கட்டொழுங்கு வாரியம் பற்றி ஓர் எளிய விளக்கம்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சனிக்கிழமை காலை. பக்கத்து புளோக்கில் இருக்கும் அக்கா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் வீட்டு மேசை மேல் வைத்தார். உள்ளே கணவருடைய மரணச் சான்றிதழ், விபத்து பற்றிய போலீஸ் ரிப்போர்ட் நகல், லாயர் ஆபீஸ் கொடுத்த இரண்டு ரசீதுகள், நான்காக மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய ஒரு கடிதம். கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவர். இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டுப் பணத்தை லாயர் கணக்குக்கு அனுப்பி எட்டு மாதமாகிவிட்டது. அக்கா கைக்கு ஒரு சென் வரவில்லை.

"தம்பி, கட்டொழுங்குல புகார் போட்டா லைசென்ஸைப் புடுங்கிருவாங்களாமே. அப்ப என் காசு வந்துரும்ல?"

நான் பன்னிரண்டு ஆண்டு லாயர் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன். இந்தக் கேள்வியை வேறு வேறு வாயில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேஸ் தோற்றவர், பில்லைப் பார்த்து மயங்கியவர், எதிர்த்தரப்பு லாயர் கோர்ட்டில் மானத்தை வாங்கிவிட்டார் என்று கொதிப்பவர் என எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "லாயர் மேல புகார் போடணும்." போட்டால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்காது. தெரியாமல் தப்பான கதவைத் தட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, சரியான கதவு சாத்தப்பட்ட பிறகு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு பஸ் விபத்து, மூன்று கேள்விகள்

சட்டத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். ஒரு பஸ் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் ஒருவரை இடித்துவிட்டது, கால் முறிந்துவிட்டது. இங்கே மூன்று தனித்தனிக் கேள்விகள் எழுகின்றன.

முறிந்த காலுக்கு யார் பணம் கொடுப்பது? இதற்கு இன்சூரன்ஸ், அது ஒத்து வராவிட்டால் சிவில் கோர்ட். ஓட்டுநர் குற்றம் செய்தாரா, தண்டனை என்ன? இதைப் போலீசும் குற்றவியல் கோர்ட்டும் பார்க்கும். மூன்றாவது கேள்வி: இந்த மனிதரை இனியும் பஸ் ஓட்ட விடலாமா? இது லைசென்ஸ் சம்பந்தப்பட்டது. லைசென்ஸைப் பறித்துவிட்டால் ரோட்டில் போகிற மற்றவர்களுக்குப் பாதுகாப்பு. கால் முறிந்தவருக்கு அதனால் மருத்துவச் செலவு வந்துவிடாது.

வழக்கறிஞர் கட்டொழுங்கு என்பது இந்த மூன்றாவது கேள்வி. "இவரை நம்பி மக்கள் தங்கள் பணத்தையும் ரகசியத்தையும் வழக்கையும் ஒப்படைக்கலாமா?" என்று அது கேட்கிறது. புகார் கொடுத்தவருக்கு ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போடுவது அதன் முதல் வேலை அல்ல.

லாயருடைய 'லைசென்ஸ்' எங்கே இருக்கிறது?

தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர்களை ஆளும் சட்டம் 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம். கோலாலம்பூரில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் இதே சட்டம்தான். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல.

சட்டம் படித்து, பழகுநர் காலத்தை முடித்தவரை உயர் நீதிமன்றம் வழக்கறிஞராக ஏற்றுக்கொள்கிறது. அவர் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. இதை வழக்கறிஞர் பட்டியல் என்று சொல்வோம். பெயர் ஏறினால் மட்டும் போதாது. தொழில் நடத்த ஒவ்வோர் ஆண்டும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆபீஸ் கணக்குகளைத் தணிக்கையாளர் பார்த்து எழுதிய அறிக்கையையும் காட்ட வேண்டும். ஆண்டுக் கடைசியில் அந்த அறிக்கைக்காக நாங்கள் கிராணிகள் ராத்திரி ஒன்பது மணி வரை ரசீது தேடிக்கொண்டிருப்போம்.

மக்கள் சொல்லும் 'லைசென்ஸ்' என்பது இந்தப் பட்டியலில் இருக்கும் பெயரும் அந்த ஆண்டுச் சான்றிதழும் சேர்ந்ததுதான்.

ஒரு முக்கியமான விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் லாயர் என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்கியிருந்தால், கட்டொழுங்கு வாரியத்தால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. பறிக்க அவரிடம் லைசென்ஸ் இல்லையே! அது போலீசுக்குப் போக வேண்டிய விஷயம். தகுதி இல்லாமல் வழக்கறிஞராக நடிப்பதற்கு இதே சட்டத்தின் 37ஆம் பிரிவில் 2,500 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தாலே இவர் உண்மையான லாயரா என்பது தெரிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழியுங்கள்.

மன்றம் வேறு, வாரியம் வேறு

"பார் கவுன்சில்ல சொல்லி லைசென்ஸைப் புடுங்கணும்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. வழக்கறிஞர் மன்றம் வழக்கறிஞர்களின் சொந்த அமைப்பு. அவர்களே தேர்ந்தெடுக்கும் அதன் நிர்வாகக் குழுதான் பார் கவுன்சில். அந்த மன்றம் யாருடைய பெயரையும் பட்டியலிலிருந்து அடிக்க முடியாது.

அந்த அதிகாரம் வழக்கறிஞர் கட்டொழுங்கு வாரியம் என்ற தனி அமைப்பிடம் இருக்கிறது. மலாயில் லெம்பாகா தாத்தாதெர்திப் என்பார்கள். 1992ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தி இந்த வாரியத்தை அமைத்தார்கள். இதன் தலைவரை நியமிப்பவர் மலாயா தலைமை நீதிபதி. அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். ஒரு லாயரின் நடத்தை பற்றிய எந்தப் புகாரும் முதலில் இங்கேதான் போக வேண்டும் என்று சட்டத்தின் 99ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் மன்றத்துக்கே ஓர் உறுப்பினர் மேல் குறை இருந்தாலும் உங்களைப் போல அதுவும் இங்கே வந்து புகார்தான் கொடுக்க வேண்டும்.

"லாயரே லாயரை விசாரிச்சா எப்படிங்க நியாயம் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான். அதற்காகவே விசாரணைக் குழுவில் வழக்கறிஞர் அல்லாத ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. முடிவு பிடிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி இருக்கிறது. இவ்வளவு போதுமா என்று வாதாடலாம். ஆனால் என் அனுபவத்தில், லாயர்கள் போலீசை விட இந்த வாரியத்தின் கடிதத்துக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். அந்த உறை வந்த நாள் எந்த ஆபீசிலும் சாதாரண நாளாக இருந்து நான் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: உயர் நீதிமன்றம் ஒருவரை வழக்கறிஞராக ஏற்கிறது, மன்றம் அவர்களுடைய அமைப்பு, நடத்தை பற்றிய புகாரைக் கேட்பது வாரியம். வாரியம் கேட்கும் கேள்வி லைசென்ஸ் பற்றியது.

எது தவறான நடத்தை?

சட்டத்தின் 94ஆம் பிரிவு இதைப் பட்டியலிடுகிறது. தவறான நடத்தை என்றால், தொழிலில் இருக்கும்போதோ வெளியிலோ, மலேசியாவிலோ வேறு நாட்டிலோ, ஒரு வழக்கறிஞருக்குப் பொருந்தாத கடுமையான முறைகேடு. நேர்மையின்மை, நீதிமன்றத்துக்குச் செய்ய வேண்டிய கடமையை மீறுவது, கட்சிக்காரரின் நலனை அடியோடு கைவிடுவது, தொழிலுக்கே அவப்பெயர் தேடித் தருவது எல்லாம் அதில் வரும். கட்சிக்காரர் என்றால் அந்த லாயரை அமர்த்தியவர், அதாவது நீங்கள். அந்தப் பட்டியலை முழுக்க ஒப்பிக்காமல், நம் மக்களை அதிகம் பாதிப்பவற்றை மட்டும் பார்ப்போம்.

*கட்சிக்காரர் பணம்.* எல்லாவற்றிலும் பெரியது இது. கோயில் பொருளாளர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணத்துக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. உண்டியல் பணத்தில் ஐயாயிரம் வெள்ளியை எடுத்தார். அடுத்த வாரமே ஒரு சென் குறையாமல் திரும்ப வைத்துவிட்டார். கோயிலுக்கு நஷ்டம் இல்லை. ஆனாலும் அவர் கையில் இனிமேல் சாவியைக் கொடுப்பீர்களா?

லாயர் ஆபீசிலும் அதே கதைதான். 1990ஆம் ஆண்டின் கணக்கு விதிகளின்படி ஒவ்வொரு லாயர் ஆபீசும் இரண்டு வகைக் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஆபீஸ் வாடகை, சம்பளம், கரண்டு பில் எல்லாம் ஆபீஸ் கணக்கில். உங்களுக்காக வாங்கி வைத்திருக்கும் பணம் கட்சிக்காரர் கணக்கில். அது லாயருடைய பணம் அல்ல. அவர் சாவியை வைத்திருப்பவர் மட்டுமே. தன் கட்டணத்தை அதிலிருந்து எடுப்பதென்றாலும் எவ்வளவு, எதற்காக என்று உங்களுக்கு எழுத்தில் தெரிவித்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு வழியாக எவ்வளவு பணம் ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 300,000 வெள்ளிக்கு ஒரு பழைய பிளாட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி 10 விழுக்காடு, அதாவது 30,000 வெள்ளி, முன்பணம். அதில் 9,000 வெள்ளியை, விற்றவரின் சொத்து லாப வரிக்காக விலையில் 3 விழுக்காடு என்று, பொதுவாக வாங்குபவரின் லாயர் நிறுத்தி வைத்து வருமான வரி வாரியத்துக்குக் கட்ட வேண்டும். ஒரு சின்ன ஆபீசில்கூட ஒரே நேரத்தில் இப்படிப் பத்து இருபது பேருடைய பணம் நிற்கும். ஒருவருடைய பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துச் சமாளிக்கத் தொடங்கினால், வெளியே இருந்து பார்க்கிறவருக்குப் பல மாதம் ஒன்றும் தெரியாது. தொடங்கிய இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்பதால்தான் விதி இவ்வளவு கறாராக இருக்கிறது.

*ரன்னர்.* விபத்து நடந்த இடத்துக்கு இழுவை லாரியோடு ஒருவர் வருவார். அல்லது மருத்துவமனை வார்டில், நாம் அழுதுகொண்டிருக்கும்போது, "கவலைப்படாதீங்கம்மா, நம்ம லாயர் பார்த்துக்குவார், இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று பேப்பரை நீட்டுவார். இவரைத்தான் ரன்னர் என்கிறோம். கமிஷன் கொடுத்து ஆள் பிடித்துக் கேஸ் வாங்குவது லாயர் செய்யக்கூடாத காரியம்; 94ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. "ஜெயிச்சா பாதி உனக்கு, பாதி எனக்கு. தோத்தா ஒண்ணும் தர வேணாம்" என்ற பேச்சும் அப்படியே. ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தை 112ஆம் பிரிவு வழக்குகளில் தடை செய்கிறது. பிஸ்கட் டின் அக்காவிடம், "லாயரை முதலில் எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டேன். "பார்க்கவே இல்லப்பா. ஆஸ்பத்திரிக்கு ஒரு தம்பி வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போச்சு" என்றார்.

*இரண்டு படகில் கால்.* ஒரே விவகாரத்தில் எதிரெதிர் நலன் உள்ள இருவருக்கு ஒருவரே லாயராக இருப்பதை நலன் மோதல் என்பார்கள். புது வீடு வாங்கும்போது இது நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. வீடமைப்பு நிறுவனத்துக்கு லாயராக இருப்பவர் அதே வீட்டை வாங்குபவருக்கும் லாயராக இருக்கக்கூடாது என்று 84ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே, டெவலப்பர் 'இலவசமாக' ஏற்பாடு செய்து தரும் லாயர் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போது, அவர் டெவலப்பருடைய லாயராக இருக்கலாம் என்பது மனதில் இருக்கட்டும். "நீங்கள் எனக்கு லாயரா, அவர்களுக்கா?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

*ரகசியம்.* கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லாயர் வெளியே சொல்லக்கூடாது. 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவு இதைக் காக்கிறது. சட்டவிரோதக் காரியத்துக்குத் துணை கேட்டுச் சொன்னதற்கு இந்தக் காப்பு கிடையாது.

எது தவறான நடத்தை இல்லை?

கேஸ் தோற்றது தவறான நடத்தை ஆகாது. எந்த வழக்கிலும் ஒரு பக்கம் தோற்கத்தான் செய்யும்.

எதிர்த்தரப்பு லாயர் குறுக்கு விசாரணையில் உங்களைக் கடுமையாகக் கேள்வி கேட்டதும் அப்படித்தான். அவர் தன் கட்சிக்காரருக்காக வேலை செய்கிறார். பொய்யான ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுத்தார், வேண்டுமென்றே நீதிபதியை ஏமாற்றினார் என்றால் விஷயம் வேறு; அதற்கு நீங்கள் அவருடைய கட்சிக்காரராக இல்லாவிட்டாலும் புகார் கொடுக்கலாம்.

"கொலைகாரனுக்கு வாதாடுறானே, இவனெல்லாம் லாயரா?" என்று பேஸ்புக்கில் திட்டுகிறோம். தன் சொந்தக் கருத்து எதுவானாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது லாயருடைய உரிமை. அவரைக் கைவிடாமல் நியாயமான வழியில் முழு முயற்சி எடுப்பது கடமை. நாளைக்கு நம் வீட்டுப் பையனைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு போனால், ஊரே திட்டினாலும் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத் திட்டுவதற்கு முன் நாம் யோசிக்க வேண்டும்.

கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் முதலில் விவரமான பில் கேளுங்கள். பில்லை நீதிமன்றத்தைக் கொண்டு ஆராயச் செய்யும் வழி சட்டத்தில் தனியாக இருக்கிறது.

இனி மிகவும் குழப்பும் ஒன்று: கவனக்குறைவு. ஒரு தேதியைத் தவற விட்டார், ஒரு பாரத்தைத் தப்பாக நிரப்பினார். மனிதத் தவறு. அதனால் வந்த நஷ்டத்துக்கு அவர் பொறுப்பு. ஆனால் ஒவ்வொரு தவறும் ஒழுங்கீனம் ஆகிவிடாது. அதே லாயர் தேதியைத் தவற விட்டதை மறைத்து, "கேஸ் போய்க்கிட்டே இருக்கு" என்று இரண்டு ஆண்டு பொய் சொல்லியிருந்தால்? தவறியது கவனக்குறைவு. மறைத்தது ஒழுங்கீனம். வாரியம் பார்க்கும் கோடு பெரும்பாலும் இங்கேதான் ஓடுகிறது.

புகார் போன பிறகு

புகாரை வாரியம் கேட்கும் முறையில் எழுத வேண்டும். கூடவே சத்தியப் பிரமாணம் ஒன்று. அதாவது, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டுத் தரும் பத்திரம். நம்மவர்கள் சூராட் சும்பா என்பார்களே, அதுதான். பொய் சொல்லி சத்தியம் செய்வது குற்றம். ஆகவே கோபத்தில் இல்லாததைச் சேர்க்காதீர்கள்.

வாரியம் புகாரின் நகலை அந்த லாயருக்கு அனுப்பி விளக்கம் கேட்கும். புகாரில் சாரம் இல்லை என்று தெரிந்தால் அங்கேயே தள்ளுபடி. ஆதாரங்களிலேயே விஷயம் தெளிவாக இருந்தால் லாயருக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டு வாரியமே முடிவெடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமையும்: தொழிலில் இருக்கும் இரண்டு வழக்கறிஞர்கள், வழக்கறிஞர் அல்லாத ஒருவர்.

பலர் எதிர்பார்க்காதது இந்தக் கட்டம். புகாரைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். குழு முன்னால் நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும். லாயர் தரப்பு உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்கும். தேதி, தொகை, யார் எங்கே என்ன சொன்னார் என்று வரிசையாகக் கேட்பார்கள். கையில் பேப்பர் வைத்திருப்பவர் அசைய மாட்டார். "எல்லாம் வாய்ப்பேச்சுதான்" என்பவர் திணறுவார். குழு தன் அறிக்கையை வாரியத்துக்கு அனுப்பும். கடைசி உத்தரவு வாரியத்துடையது.

தண்டனைகள் இவை: கண்டனம், அபராதம், ஐந்து ஆண்டுக்கு மேற்படாத இடைநீக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது. வாரியம் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. உத்தரவு பிடிக்காதவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

சுருக்கமாக: புகார், லாயரின் விளக்கம், தேவைப்பட்டால் விசாரணை, பிறகு உத்தரவு, அதற்கு மேல் உயர் நீதிமன்றம். இது ஒரு மாதத்தில் முடியும் காரியம் அல்ல.

அப்படியானால் என் பணம்?

அக்காவின் கேள்விக்கு வந்துவிட்டோம். அபராதம் உங்கள் கைக்கு வராது. கட்சிக்காரர் பணத்தைத் தராமல் வைத்திருந்தார் என்பதுதான் புகார் என்றால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று தண்டனையோடு சேர்த்து உத்தரவிட இடம் இருக்கிறது. அதற்கு மேல் பட்ட நஷ்டம், வட்டி, மன உளைச்சல் எதுவும் இந்த வாரியத்தின் வேலை அல்ல. அவற்றுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. ஒன்றைத் தட்டினால் மற்றவை சாத்திக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

லாயர் உங்கள் பணத்தை எடுத்துத் தன் செலவுக்குப் போட்டுக்கொண்டார் என்றால் அது குற்றம். போலீசில் ரிப்போர்ட் கொடுங்கள். நம்பிக்கை மோசடிக்கான தண்டனைச் சட்டம் 409ஆம் பிரிவில் இரண்டிலிருந்து இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இருக்கின்றன.

கவனக்குறைவால் நஷ்டம் என்றால் சிவில் வழக்கு. இழப்பீடு கொடுக்க அவரிடம் என்ன இருக்கிறது என்று மலைக்க வேண்டாம். தொழில் நடத்தும் ஒவ்வொரு வழக்கறிஞரும் அதற்கான காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். "லாயர் மேல கேஸ் போட எந்த லாயர் வருவான்?" என்று சிலர் ஆரம்பிப்பதற்கு முன்பே கைவிட்டுவிடுகிறார்கள். வருவார்கள். நான் வேலை பார்த்த ஆபீசே அப்படிப்பட்ட வழக்குகளை நடத்தியிருக்கிறது.

லாயரின் நேர்மையின்மையால் பணத்தை இழந்தவர்களுக்காகச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் இழப்பீட்டு நிதி ஒன்றும் இருக்கிறது. வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் கட்டும் பணத்தில் நிற்கும் நிதி அது. வழக்கறிஞர் மன்றம் நிர்வகிக்கிறது. கேட்டவுடன் கொடுப்பதில்லை, ஆராய்ந்துதான் கொடுப்பார்கள். ஆனால் கேட்காமலே விடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள். தீபகற்பத்தில் ஒப்பந்த மீறலுக்கும் கவனக்குறைவுக்கும் வழக்குப் போடப் பொதுவாக ஆறு ஆண்டுதான் காலம். 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் அப்படி. வாரியத்தில் புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. "புகார் முடியட்டும், பிறகு வழக்குப் போடலாம்" என்று காத்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் லாயர் மேல் சொன்ன குற்றம் உண்மை என்றே முடிவானது. லாயர் இடைநீக்கப்பட்டார். குடும்பம் சிவில் வழக்குக்கு வந்தபோது ஆறு ஆண்டு தாண்டிவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் எங்கள் ஆபீஸ் வரவேற்பறை நாற்காலியில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

புகார் எழுதுவது எப்படி?

அன்று அக்காவோடு உட்கார்ந்து நாங்கள் செய்தது இதுதான். டின்னில் இருந்த எல்லாப் பேப்பரையும் மேசையில் பரப்பித் தேதி வரிசையில் அடுக்கினோம். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு தேதிக்கு ஒரு வரி: விபத்து நடந்த நாள், ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய நாள், இன்சூரன்ஸ் பணம் அனுப்பியதாகச் சொன்ன கடிதத்தின் நாள், லாயர் ஆபீசுக்குப் போன் போட்ட நாட்கள். 'மோசக்காரன்', 'ஈவிரக்கம் இல்லாதவன்' என்று அக்கா சொன்னவற்றை நான் எழுதவில்லை. "எழுதுப்பா, அதுதானே உண்மை" என்றார். "அது தேதியைப் பார்த்தாலே தெரியும், அக்கா" என்றேன்.

பிறகு லாயருக்கே முதலில் ஒரு கடிதம்: எவ்வளவு பணம் வந்தது, எப்போது வந்தது, எந்தக் கணக்கில் இருக்கிறது, எப்போது தருவீர்கள்? பதினான்கு நாளில் எழுத்தில் பதில் வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை டின்னில் போட்டோம். பதில் வந்தால் பிரச்சினை அங்கேயே தீரலாம். வராவிட்டால் அந்த மௌனமே புகாரின் முதல் ஆதாரம்.

ஆறு ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது என்று கணக்குப் போட்டு டின் மூடியின் உட்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, மூடியை அழுத்தி மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார்.